நிலைத்த பொருளாதாரம் கண்ட தமிழர் ஜே.சி. குமரப்பா

மூன்றாம் ஆண்டு, பொருளியல்

முன்னுரை

எங்கள் ஊர் குன்றத்தூர். பெரியபுராணம் தந்த சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர் என்பதைத் தமிழ் பயின்றோர் யாவரும் அறிவர். சோழ அரசில் உயர் பதவி வகித்த அவர், மன்னர்களோடு குயவரையும், வண்ணாரையும், பரதவரையும், நெசவாளரையும், செக்காட்டியவரையும் ஒரே வரிசையில் அமர்த்தி வரலாறு எழுதினார். உழைத்து உண்பவனின் வாழ்வும் எழுதத்தக்கதே என்று காட்டிய ஊரிலிருந்து வரும் நான், உழைப்பவனுக்காகவே கணக்கெழுதிய ஒருவரின் வாழ்க்கையை இம்மலரில் எழுத விழைந்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் முருகன் கோயில் மலைமீது நின்று மேற்கே நோக்கினால் செம்பரம்பாக்கம் ஏரி கடல்போல் விரிந்து கிடக்கும். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1ஆம் நாள் அந்த ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை ஊர்கள் மூழ்கின. அப்போது நான் பள்ளிச் சிறுவன். எங்கள் தெருவில் ஏறிய நீர் வடிய மூன்று நாளாயிற்று. தண்ணீர் தன் பழைய வழியைத் தேடித்தான் வந்தது, அந்த வழியில்தான் நாம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று என் பாட்டனார் அன்று சொன்னது நினைவில் நிற்கிறது. கூரை வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். மாடி வீட்டுக்காரர்கள் மாடிக்குப் போனார்கள்.

அதே 2015ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ரோமாபுரியிலிருந்து போப்பாண்டவர் பிரான்சிஸ் ஒரு சுற்றுமடல் வெளியிட்டிருந்தார். இறைவா உமக்கே புகழ் என்று தமிழில் வழங்கும் அம்மடல், இந்தப் பூமியை மக்கள் அனைவரின் பொது இல்லம் என்று கொண்டது. மண்ணுக்கு நேரும் கேடும் ஏழைக்கு நேரும் கேடும் இரண்டு நோய்கள் அல்ல, ஒரே நோயின் இரு முகங்கள் என்பதே அதன் மையக் கருத்து. எங்கள் பொருளியல் வகுப்பில் இதைப்பற்றிப் பேச்சு வந்தபோது, இக்கருத்தை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சிறைக்குள் இருந்து ஒரு தமிழர் எழுதிவிட்டார் என்று எங்கள் பேராசிரியர் கூறினார். அன்று கேட்ட பெயர்தான் ஜே.சி. குமரப்பா.

தஞ்சையில் பிறந்தவர்

1891 மே 15ஆம் நாள் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ ரேரும் நோவாரும் என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். ஆலைத் தொழிலாளிக்கு அவன் குடும்பம் வாழப் போதிய கூலி கிடைக்கவேண்டும், தொழிலாளர் சங்கம் அமைக்க உரிமை வேண்டும், உடைமை வைத்திருப்பவனுக்குப் பிறரைப் பற்றிய கடமையும் உண்டு என்று அது அறிவித்தது. திருச்சபையின் சமூகநீதிக் கோட்பாடுகளுக்கு அதுவே தொடக்கம் என்பர். அது வெளிவந்து எட்டுத் திங்கள் முடிவதற்குள், 1892 சனவரி 4ஆம் நாள், தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் நம் குமரப்பா பிறந்தார்.

தந்தையார் சாலமன் துரைசாமி கார்னீலியஸ், பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். தாயார் எஸ்தர் ராஜநாயகம். பிள்ளைக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். குடும்பம் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தது. கத்தோலிக்கக் குடும்பம் அன்று. வீட்டில் நேரந் தவறாமையும் கண்டிப்பும் மிகுதி. அந்தக் கண்டிப்பு இறுதிவரை அவரை விட்டு அகலவில்லை.

சென்னையில் கல்வி முடித்து 1913இல் இலண்டன் சென்றார். அங்கே கணக்கியல் பயின்று தேர்ந்து, தணிக்கையாளராகப் பணியும் புரிந்தார். தாயாரின் விருப்பத்திற்கிணங்க 1919இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் தொழில் நடத்தினார். கோட்டும் சூட்டும், ஆங்கில உணவும், ஆங்கில நடையுமாக வாழ்ந்த அந்நாள் குமரப்பாவைக் கண்டவர்கள், அவர் பின்னாளில் கல்லுப்பட்டிக் குடிலில் வாழ்வார் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

ஒரு கேள்வியும் அதன் விடையும்

1927இல் அமெரிக்கா சென்றார். சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மையில் பட்டம் பெற்று, நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதியியல் பயின்றார். அங்கு அவருடைய ஆசிரியர் செலிக்மன் என்னும் புகழ்பெற்ற பேரறிஞர். ஒருநாள் அந்நகரத் தேவாலயம் ஒன்றில், இந்தியா ஏன் ஏழ்மையில் வாடுகிறது என்பது பற்றிக் குமரப்பா உரையாற்றினார். அச்செய்தியை நாளிதழில் கண்ட செலிக்மன், அதையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுமாறு பணித்தார். மாணவ நண்பர்கள் இவ்விடத்தைக் கருத்தூன்றி நோக்க வேண்டும். நல்லாசிரியர் ஒருவர் தக்க நேரத்தில் காட்டிய ஒரு வழி, ஒரு வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

ஆராய ஆராய அவர் கண்டது யாது? இந்திய மக்களிடம் தண்டும் வரி இந்திய மக்களுக்குச் செலவாகவில்லை. படைக்கும், வட்டிக்கும், உயர் அலுவலர் சம்பளத்திற்கும் அது போயிற்று. ஏழ்மைக்கு மக்களின் சோம்பலோ தலைவிதியோ காரணமன்று. கணக்குப் புத்தகமே காரணம். பேரேட்டைப் புரட்டத் தெரிந்தவருக்கு இது பட்டப்பகல் போல் விளங்கிற்று. ஆங்கில ஆட்சியை மனத்தளவில் போற்றி வந்த ஒருவரை அவருடைய சொந்தத் தொழிலே தேசியவாதியாக்கியது. குடும்பத்தின் முன்னோர் பெயரான குமரப்பா என்பதை அவர் ஏற்றுக்கொண்டதும் இக்காலத்தை ஒட்டியே.

சபர்மதியில்

ஆராய்ச்சி நூலை வெளியிட வழி தேடி, 1929 மே 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமம் சென்றார். விருந்தினர் அறையில் நாற்காலி மேசை இல்லை. ஒரு கயிற்றுக் கட்டில் மட்டுமே. மனம் சலித்தவராய், குறித்த நேரத்திற்குச் சற்று முன்னரே காந்தியடிகளைக் காணப் புறப்பட்டார். மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். கைத்தடியை ஊன்றி நின்று அதை வேடிக்கை பார்த்தார் குமரப்பா. சிறிது நேரம் சென்று அம்முதியவரே, குமரப்பாவா வந்திருப்பது என்று வினவிய பின்னர்தான் அவர் காந்தியடிகள் என்பது புலனாயிற்று. உடுத்திருந்த உயர்ந்த ஆடையைப் பாராமல் அந்தத் தரையிலேயே அமர்ந்தார். ஒருவர் நாற்காலி கொண்டுவந்தும் அதை ஏற்கவில்லை. அன்று தரையில் அமர்ந்தவர் வாழ்நாளெல்லாம் அங்கேயே இருந்துவிட்டார் என்று சொன்னால் மிகையாகாது.

அவருடைய ஆராய்ச்சி யங் இந்தியா இதழில் தொடராக வந்து பின்னர் நூலாயிற்று. குஜராத் வித்யாபீடத்தில் பேராசிரியப் பணி ஏற்றார். மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாதர் வட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடுவீடாகச் சென்று வரவு செலவுக் கணக்கு எடுத்தார். குஜராத்தி மொழி அறியாத தமிழர், குஜராத்தி உழவனின் கடனையும் விளைச்சலையும் மாட்டையும் பானையையும் எண்ணி எழுதினார். நூலகத்தில் அமர்ந்து எழுதும் பொருளியலுக்கும் வரப்பில் நடந்து எழுதும் பொருளியலுக்கும் உள்ள வேறுபாட்டை இந்திய மாணவர்களுக்கு முதன்முதல் உணர்த்திய ஆய்வுகளுள் இதுவும் ஒன்றாகும்.

1930இல் உப்புப் போர் மூண்டது. காந்தியடிகள் சிறை சென்றபின் யங் இந்தியா இதழைக் குமரப்பா நடத்தினார். காவலர் தடியடியைக் கண்டு கிறித்தவக் குருமார்கள் வாளாவிருந்தது அவர் நெஞ்சைச் சுட்டது. சட்டமறுப்பு இயேசுவின் போதனைக்கு ஏற்றதன்று என்று ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைப் பேராயர் கருத்துரைத்தபோது, குமரப்பா சிறிதும் அஞ்சாமல் மறுப்பெழுதினார். தம் திருச்சபையோடு முரண்பட்டார். தம் சமயத்தைக் கைவிட்டாரல்லர். இயேசு ஏழைகளின் பக்கம் நின்றவராதலால் அவரைப் பின்பற்றுவோர் வேறிடத்தில் நிற்க இயலாது என்பது அவர் வாதம்.

1931 தொடக்கத்தில் சிறை சென்று, காந்தி இர்வின் ஒப்பந்தத்தின்பின் விடுதலையானார். அவ்வாண்டே, இந்தியாவின் பெயரால் இங்கிலாந்து ஏற்றிவைத்த கடன்களுள் எவை நியாயமானவை என்று ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவில் முதன்மைப் பங்கேற்றார். அதே 1931 மே திங்களில் போப்பாண்டவர் பதினோராம் பயஸ், லியோவின் மடலுக்கு நாற்பதாண்டு நிறைவையொட்டி மற்றொரு சுற்றுமடல் எழுதினார். சிறிய அமைப்பு தானே செய்துகொள்ளத்தக்க பணியைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்பது அதன் புகழ்பெற்ற கோட்பாடு. கிராமம் செய்யக்கூடியதை ஆலையும் தலைநகரும் பறிக்கலாகாது என்று குமரப்பா வாழ்நாள் முழுதும் வாதிட்டதும் இதுவே.

மூன்றணாக் கணக்கு

1934 சனவரி 15ஆம் நாள் பீகாரில் கொடிய நிலநடுக்கம் நேர்ந்தது. இராசேந்திர பிரசாத் தலைமையில் நடந்த துயர்துடைப்புப் பணியின் கணக்குகளைக் குமரப்பா மேற்கொண்டார். தொண்டர் ஒருவருக்கு ஒருநாள் உணவுச் செலவு மூன்றணா என வரையறுத்தார். காந்தியடிகளும் அவருடன் வந்தோரும் பீகாருக்கு வந்தபோது, அவர்களுடைய செலவு துயர்துடைப்பு நிதியில் சேராது, அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கூறிவிட்டார். அடிகள் சினந்தாரில்லை, அந்த நேர்மையை ஏற்றுக்கொண்டார். தலைவருக்குச் செய்யும் உபசாரம் ஏழையின் கஞ்சியில் கை வைப்பதாகிவிடலாம் என்ற அச்சம், பொதுப்பணம் கையாளும் ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய அச்சமன்றோ?

மகன்வாடி

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளரானார். ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டம் மகன்வாடி என்று பெயர் பெற்றது. கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், சோப்பு, தோல் பதனிடுதல் ஆகியவற்றில் அங்கே ஆராய்ச்சி நடந்தது. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கே உருவாயிற்று.

இவையெல்லாம் பழமைப் பித்து என்று நகைத்தவர்கள் உண்டு. குமரப்பா கணக்கோடு விடையளித்தார். ஆலை அரிசி வெண்மையாய் இருக்கிறது, ஆனால் தவிட்டோடு சத்து போய்விடுகிறது. பெரிபெரி நோய் வருகிறது. நெல் குத்திப் பிழைத்த பெண்களின் கூலியும் போகிறது. மலபாரில் நெல் விளைந்த நிலம் தென்னந்தோப்பாகிக் கொப்பரை சோப்பு ஆலைக்குப் போகிறது. ஏழையின் சோறு சீமாட்டியின் சோப்பாகிறது. பொருளின் விலையில் இந்த இழப்புகள் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத காரணத்தால் அவை இல்லாமற் போய்விடுமா? ஒரு நல்ல தணிக்கையாளர், ஏட்டில் இருப்பதைச் சரிபார்ப்பதோடு ஏட்டில் ஏறாமல் விடுபட்டதையும் தேடுவார். குமரப்பாவின் பொருளியல் முழுவதும் அத்தகைய தணிக்கையே.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்றும் சொன்னார். கொடுமை செய்து உண்டாக்கிய பொருளைத் தெரிந்து வாங்குபவனுக்கும் அக்கொடுமையில் பங்குண்டு. பொருள் வாங்குவது என்பது அறத்தோடு சேர்ந்த செயல் என்று போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் 2009இல் எழுதிய சுற்றுமடலிலும், பிரான்சிஸ் 2015இல் எழுதிய மடலிலும் வலியுறுத்தப்படுவது இக்கருத்தேயாகும்.

சிறையில் பிறந்த நூல்கள்

1942இன் ஆகஸ்டுப் போராட்டத்தையொட்டி மீண்டும் கைதாகி சபல்பூர் சிறையில் அடைக்கப்பட்டார். இரத்த அழுத்த நோய் வாட்டியது. அந்நிலையில் இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் நெறியும் போதனையும் பற்றியது; மற்றொன்று நிலைத்த பொருளாதாரம். இரண்டுக்கும் 1945இல் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் போலத் தம்மையே பாவித்து, இறையியலிலும் கிராமக் கைத்தொழிலிலும் குமரப்பாவை டாக்டர் என்று அடிகள் பாராட்டியதும் உண்டு.

நிலைத்த பொருளாதாரத்தின் சாரம் எளியது. இயற்கைச் செல்வம் இருவகை. நிலக்கரி, எண்ணெய், இரும்பு முதலியவை தேக்கத்துச் செல்வம். எடுக்க எடுக்கக் குறையும். காடு, நெல், பருத்தி, ஆற்றுநீர் முதலியவை ஓட்டத்துச் செல்வம். அளவறிந்து எடுத்தால் ஆண்டுதோறும் வரும். தேக்கத்தை நம்பி வாழும் நாடுகள் அது குறையும்போது ஒன்றோடொன்று மோதும். உலகப் போர்களின் வேர் அங்கே இருக்கிறது. ஓட்டத்தை நம்பி வாழ்பவர் சண்டையிட வேண்டிய தேவை குறைவு.

வாழும் முறைகளையும் அவர் ஐந்தாக வகுத்தார். ஆட்டைக் கொன்று உண்ணும் புலியின் வாழ்வு ஒன்று. தான் நடாத மரத்தின் கனியைப் பறித்துச் செல்லும் குரங்கின் வாழ்வு இரண்டாவது. தன் கூட்டைத் தானே கட்டும் பறவையின் வாழ்வு மூன்றாவது. கூட்டம் முழுமைக்கும் தேன் சேர்க்கும் தேனீயின் வாழ்வு நான்காவது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையின் வாழ்வு ஐந்தாவது. மனிதன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதை அவன் செல்வத்தின் அளவு காட்டாது. அந்தச் செல்வம் வந்த வழியே காட்டும்.

செயற்கை உரம் பற்றியும் டிராக்டர் பற்றியும் அவர் ஐயங்கள் கிளப்பினார். டிராக்டர் உழும், சாணம் போடாது என்பது அவர் வாதத்தின் சுருக்கம். ஏரி குளங்களைத் தூர்வாருதல், கழிவை உரமாக்குதல், மண்ணரிப்பைத் தடுத்தல், காட்டைக் காத்தல் ஆகியவற்றை அவர் வற்புறுத்தியபோது சுற்றுச்சூழல் என்ற சொல்லே மக்கள் வழக்கில் இல்லை.

விடுதலைக்குப் பின்

நாடு விடுதலை பெற்றது. பதவிகள் பலரைத் தேடி வந்தன. குமரப்பா பதவியை நாடவில்லை. காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1949இல் அறிக்கை அளித்தார். உழுபவனுக்கே நிலம், இடைத்தரகர் ஒழிப்பு, ஒரு குடும்பம் பிழைக்கத் தேவையான நில அளவைப் போல் மும்மடங்குக்கு மேற்படாத உச்சவரம்பு ஆகியவை அதன் பரிந்துரைகள். அறிக்கை பாராட்டப்பட்டது; நடைமுறைக்கு வந்தது சிறு பகுதியே.

தில்லியில் சில சாலைகளில் மாட்டுவண்டிகளுக்குத் தடை விதித்தபோது, வேகமாகச் செல்லும் ராணுவ லாரிகளால் வண்டிக்காரர்களுக்கு ஆபத்து என்று காரணம் கூறப்பட்டதாம். ஆபத்து விளைவிப்பது லாரியென்றால் தடை லாரிக்கல்லவோ வேண்டும் என்று குமரப்பா பிரதமரிடமே வாதிட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. வலியவனால் எளியவனுக்கு இடர் வரும்போது எளியவனையே ஒதுங்கச் சொல்லும் வழக்கம் இன்றும் மாறவில்லை என்பதை நம் புறநகர்ச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டுவோர் அறிவர்.

1951இல் சீனாவையும் ஜப்பானையும், 1952இல் சோவியத் நாட்டையும் கண்டு வந்தார். சீனாவின் நிலப் பங்கீட்டை அவர் பெரிதும் புகழ்ந்தது நண்பர் சிலருக்கு ஒப்பவில்லை. அங்கு நேர்ந்த கொடுமைகளை அவர் போதிய அளவு காணவில்லை என்று இன்று நாம் சொல்லக்கூடும். கிராமத்தைப் பற்றிய அவர் நம்பிக்கைக்கும் மறுப்புண்டு. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், கிராமம் அறியாமையின், குறுகிய மனப்பான்மையின், வகுப்புவாதத்தின் இருப்பிடம் என்று இடித்துரைத்ததை எந்த மாணவனும் ஒதுக்கிவிட முடியாது. செக்கும் தறியும் திரும்பினால் மட்டும் போதாது. சேரியும் ஊரும் ஒன்றாக வேண்டும். குமரப்பாவைக் கற்பவர் அம்பேத்கரையும் உடன் கற்பதே முறை.

கல்லுப்பட்டியில்

உடல் நலிந்த குமரப்பா, 1950களின் நடுவில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்திநிகேதன் ஆசிரமத்தை வந்தடைந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர்; சொத்துச் சேர்க்காதவர். அவர் குடிலில் ஏழை உழவன் ஒருவனின் படம் இருந்தது என்றும், காந்தியடிகள் தம் தலைவர், அந்தத் தலைவருக்கும் தலைவன் இவன் என்று வந்தவர்களுக்கு அதைக் காட்டுவார் என்றும் அவரை அறிந்தோர் கூறுவர்.

1960 சனவரி 30ஆம் நாள் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். காந்தியடிகள் மறைந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த அதே நாள். பேரணைகளும் பெரிய ஆலைகளும் எழுந்துகொண்டிருந்த காலம். அவரைத் தோற்றவர் என்றே பலரும் எண்ணினர்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பொருளியல் அறிஞர் சூமாக்கர், 1973இல் வெளியிட்ட சிறியதே அழகு என்னும் நூலில் குமரப்பாவை மேற்கோள் காட்டினார். அந்நூல் உலகெங்கும் பரவியது. அந்தச் சூமாக்கர் 1971இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். போப்பாண்டவர்களின் சமூகச் சுற்றுமடல்களை ஊன்றிப் படித்தவர். தஞ்சைத் தமிழரின் சிறை எழுத்தும் ரோமாபுரியின் மடல்களும் ஒரே மனிதரின் மேசையில் சந்தித்தன. 1967இல் போப்பாண்டவர் ஆறாம் பவுல் மக்கள் முன்னேற்றம் பற்றி எழுதியதும், 2015இல் பிரான்சிஸ் பொது இல்லம் பற்றி எழுதியதும் அவ்வரிசையில் வந்தவை. 2025 ஏப்ரலில் பிரான்சிஸ் மறைந்தார். மே திங்களில் அவர்வழி வந்தவர் தமக்குப் பதினான்காம் லியோ என்று பெயர் சூட்டிக்கொண்டது, 1891இன் லியோவை உலகுக்கு மீண்டும் நினைவூட்டியது.

முடிவுரை

நண்பர்களே, இக்கட்டுரையை நான் எழுத நேர்ந்ததற்கு வீட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. எங்களுக்கு முக்கால் ஏக்கர் நஞ்சை இருக்கிறது. பாட்டனார் காலத்தில் இரண்டு போகம் விளைந்த நிலம். அதை மனைப்பிரிவுக்குக் கேட்டு ஒரு தரகர் வந்து போகிறார். பொருளியல் படிக்கிறாயே, விற்பது ஆதாயமா வைத்திருப்பது ஆதாயமா, கணக்குப் போட்டுச் சொல் என்று தந்தையார் என்னைக் கேட்டார்.

வகுப்பில் கற்றபடி கணக்குப் போட்டேன். விற்று வங்கியில் இட்டால் வரும் வட்டி, விளைச்சலில் வரும் வருவாயைவிடப் பன்மடங்கு. கணக்கில் பிழையில்லை. ஆயினும் குமரப்பாவைப் படித்தபின் அந்தத் தாளை அப்படியே தந்தையாரிடம் கொடுக்க மனம் வரவில்லை. மழைநீர் நின்று இறங்க அந்த நிலம் இடம் தருகிறதே, அதை எந்தப் பத்தியில் எழுதுவது? பக்கத்துக் கிணறுகளில் ஊறும் நீரை எதில் எழுதுவது? நடவுக்கு வரும் பெண்களின் கூலியை எதில் எழுதுவது? அடுத்த வெள்ளத்தில் கீழ்த்தெருக் குடிசைகளில் ஏறப்போகும் தண்ணீரை எந்தத் தலைப்பில் எழுதுவது? அதே சமயம், தங்கையின் படிப்புச் செலவும் தந்தையாரின் கடனும் பொய்யல்லவே. வறியவனிடம் மட்டும் மண்ணைக் காக்கச் சொல்லிவிட்டு வசதியுள்ளவன் மனை வாங்குவது நீதியாகுமா? குமரப்பா இருந்திருந்தால், இந்தச் சுமையை ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் ஏற்றுவதை ஏற்றிருக்க மாட்டார் என்றே எண்ணுகிறேன். ஊருக்குப் பயன்படும் நிலத்தைக் காக்கும் செலவில் ஊருக்கும் அரசுக்கும் பங்குண்டு.

ஆகவே தந்தையாரிடம் இரண்டு தாள்கள் கொடுத்தேன். ஒன்றில் ரூபாய்க் கணக்கு. மற்றொன்றில் ரூபாயில் அடங்காதவற்றின் பட்டியல். இரண்டையும் படித்துவிட்டு, இவ்வாண்டு நெல் நடுவோம், பிறகு பார்ப்போம் என்று முடிவு செய்தார். முடிவு நாளை மாறலாம். ஆனால் இரண்டாவது தாள் இல்லாமல் இனி எங்கள் வீட்டில் கணக்கு முடியாது.

நம்முள் பலர் நாளை கணக்கராவோம், வங்கி ஊழியராவோம், வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பு எழுதுவோம். ஏரிக்கரையில் எது கட்டலாம் என்ற கோப்பு நம் மேசைக்கும் வரக்கூடும். அப்போது அந்த இரண்டாவது தாளையும் இணைக்கும் துணிவு நமக்கு வேண்டும். தலைவரிடமே மூன்றணாக் கணக்குப் பார்த்த ஒரு தமிழர் நமக்கு முன்னோடியாக இருக்கிறார் என்பதை மறவாதிருப்போமாக.